எட்டு நாள் மருந்து, நூற்று அறுபது நாள் வீடு: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நடக்கும் இடம் எது?

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையம் வரும், 2025-26-இல் மட்டும் 200 மையங்கள் என்றார்கள். செய்தியைப் படித்த தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி: "அப்படின்னா இனிமே சேலம், பெங்களூரு, மெட்ராஸ்னு அலைய வேண்டியதில்லையா?"

சில அலைச்சல் குறையும், சிலது குறையாது. எது எது என்று புரிய, சிகிச்சை என்பது என்னென்ன, அதில் எவ்வளவு ஆஸ்பத்திரியில் நடக்கிறது, எவ்வளவு வீட்டில் நடக்கிறது என்ற கணக்கு தெரிய வேண்டும். மார்பகப் புற்றுநோயை வைத்தே இதைப் பார்ப்போம். இந்தியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். 2020-இல் மட்டும் நாட்டில் 1,78,000 பெண்களுக்கு மேல் புதிதாக வந்ததாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது.

சிகிச்சை என்பது ஒன்றல்ல, ஐந்து

1. அறுவை சிகிச்சை. கட்டியை மட்டும் எடுப்பது, அல்லது மார்பகம் முழுவதையும் எடுப்பது. கூடவே அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களில் சிலதையோ பலதையோ எடுப்பார்கள். நம் பக்கம் "நெறி கட்டியிருக்கு" என்று சொல்கிறோமே, அந்த நெறிதான் இந்தக் கணு.

2. கீமோ. நரம்பு வழியாக மருந்து ஏற்றுவது. வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லும் மருந்து இது. புற்றுநோய் செல்லோடு முடி வேர், வாயின் உள்தோல், குடல், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை எல்லாமே வேகமாகப் பெருகுகிறவைதான். பக்கவிளைவுகள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வருகின்றன.

3. கதிர்வீச்சு. ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, எக்ஸ்ரே போன்ற, ஆனால் அதைவிடப் பலமடங்கு வலுவான கதிர்.

4. ஹார்மோன் மாத்திரை. தினம் ஒன்று, 5 முதல் 10 வருஷம்.

5. இலக்கு மருந்து. டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து, வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வருஷம். இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் நடுநடுவே எக்கோ எடுப்பார்கள்.

ஐந்தும் எல்லோருக்கும் கிடையாது. யாருக்கு எது என்பதை "சதை டெஸ்ட்" எனப்படும் பயாப்சி அறிக்கையின் மூன்று சொற்கள் பெருமளவு முடிவு செய்கின்றன: ஈஆர், பிஆர் (கட்டி பெண் ஹார்மோன்களைப் பிடித்து வளர்கிறதா என்று சொல்பவை), ஹெர்2 (செல்லை வேகமாக வளரச் செய்யும் ஒரு புரதம்). முதல் இரண்டில் ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரைக்கு வேலை இருக்கிறது. ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப். மூன்றும் நெகட்டிவ் என்றால் இந்த இரண்டும் உதவாது, கீமோவின் பங்கு கூடும். பக்கத்து வீட்டம்மாவுக்கு மாத்திரையோடு போய்விட்டது, நமக்கு மட்டும் ஏன் இத்தனை ஊசி என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. நோயின் நிலையும் கட்டியின் அளவும் மீதியைச் சொல்லும்.

"சதை எடுத்தா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்" என்று சொல்லிப் பல மாதம் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் உண்டு. ஊசி வைத்துச் சதை எடுப்பதால் நோய் பரவுவதில்லை. தள்ளிப்போட்ட மாதங்களில் பரவுகிறது.

பகல்நேர மையம் எதைச் செய்யும்?

பகல்நேர மையம் என்றால் காலையில் போய், மருந்து ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் வீடு திரும்பும் இடம். மேலே சொன்ன ஐந்தில் கீமோவையும் டிராஸ்டுசுமாபையும் அங்கே தரலாம். ரத்தப் பரிசோதனை, வாந்திக்கு டிரிப்ஸ், அணுக்கள் குறைந்தால் ஊசி ஆகியவையும் முடியும். முதலில் பெரிய மருத்துவமனையில் திட்டம் வகுப்பார்கள், அந்தத் திட்டப்படி இங்கே மருந்து ஏற்றுவார்கள்.

கதிர்வீச்சு அப்படி வராது. அந்த இயந்திரத்துக்கு மிகத் தடிமனான கான்கிரீட் அறை வேண்டும், கதிர் அளவைக் கணக்கிட மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். எனவே கரண்டுக்கு வெளியூர்ப் பயணம் என்பது பலருக்குத் தொடரத்தான் செய்யும். அது பலருக்கு மூன்று வாரம் நடக்கும், அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்வது நல்லது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இருபத்தொரு நாள் கணக்கு

வழக்கமான ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம்: எட்டு கீமோ, 21 நாளுக்கு ஒன்று. மொத்தம் 168 நாள். மருந்து ஏறுகிற நாள் எட்டு. ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நாட்களைக் கழித்தாலும் ஏறக்குறைய நூற்று ஐம்பது, நூற்று அறுபது நாள் அந்தப் பெண் வீட்டில்தான் இருக்கிறார். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ, தன் அடுப்படியில், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில். சிலருக்கு மருந்து வாரம் ஒரு முறை என்று மாறும், ஆனாலும் வீட்டு நாட்களே அதிகம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்துக்கொள்வார். வீட்டில் யார் எதைப் பார்ப்பது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் கடினமான பகுதி என்று நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

21 நாளும் ஒரே மாதிரி இருக்காது. மூன்று வாரத்துக்கும் மூன்று குணம்.

முதல் வாரம் வயிற்றின் வாரம். குமட்டல், வாந்தி, நாக்கில் இரும்புச் சுவை, அசதி. டாக்சோரூபிசின் என்ற மருந்து செக்கச்செவேல் என்று இருக்கும். ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். ரத்தம் என்று பயந்து நடுராத்திரியில் ஆட்டோ பிடிக்க வேண்டாம். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவதில் பலன் குறைவு. எழுதிக் கொடுத்த வேளைக்கு, வராவிட்டாலும் போட வேண்டும். அந்த மாத்திரையே மலச்சிக்கல் தரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தரும் ஸ்டீராய்டால் இரண்டு மூன்று இரவு தூக்கம் வராது, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை எகிறும். வீட்டில் சர்க்கரை மெஷின் இருந்தால் இந்த நாட்களில் பார்த்து எழுதி வையுங்கள்.

மருந்து ஏறிய முதல் இரண்டு நாள் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்தின் மிச்சம் இருக்கும். கழிப்பறையில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுவது, அழுக்கான துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைப்பது போதும். தட்டு, டம்ளரைத் தனியே வைப்பதும், பேரப்பிள்ளையைக் கிட்டே விடாததும் தேவையில்லை. இது ஒட்டுவாரொட்டி அல்ல. வீட்டுக்குள்ளேயே ஒரு தம்ளர் தனியாக ஒதுக்கப்படுவதைப் பார்க்கிற பெண்ணுக்கு, வாந்தியைவிட அது அதிகம் வலிக்கும்.

இரண்டாவது வாரம் அணுக்களின் வாரம். ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்து போகும். ஆஸ்பத்திரியில் "கவுண்ட் குறைஞ்சிருக்கு" என்பது இதைத்தான். விசித்திரம் என்னவென்றால், இந்த நாட்களில் வாந்தி நின்றிருக்கும், பசி திரும்பியிருக்கும், ஆள் தெளிவாக இருப்பார். "நல்லாயிட்டேன்" என்று கல்யாணத்துக்கோ சந்தைக்கோ கிளம்புவது இந்த வாரத்தில்தான். வெளியே தெளிவு, உள்ளே காவல் இல்லாத வீடு.

மூன்றாவது வாரம் மீளும் வாரம். அணுக்கள் ஏறும். வங்கி வேலை, உறவினர் வீடு, பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவது எல்லாவற்றையும் இந்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரிலேயே கீமோ நாளைச் சிவப்பிலும், 7 முதல் 14 வரையான நாட்களை வேறு வண்ணத்திலும் குறித்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு.

100.4: மனப்பாடமாகத் தெரிய வேண்டிய எண்

கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது அவசரம். காலை வரை பொறுக்கக் கூடாது. வெள்ளை அணு இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து நரம்பில் ஏற வேண்டும் என்பதுதான் உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல்.

நம் ஊரில் இங்கேதான் தவறு நடக்கிறது. தொட்டுப் பார்த்து "லேசாச் சூடு" என்று சொல்லிவிட்டு, மெடிக்கலில் ஒரு பாராசிட்டமால் வாங்கிப் போடுகிறோம். காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. அளக்காமல் பாராசிட்டமால் போடாதீர்கள். நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்கட்டும்.

பென்னாகரத்துக்கு உள்ளே ஒரு மலைக்கிராமம், அல்லது தளி, அஞ்செட்டி பக்கம். ராத்திரி பதினொரு மணி. கடைசி பஸ் போய்விட்டது. அப்போது யோசிக்கத் தொடங்கக் கூடாது. முன்பே முடிவு செய்ய வேண்டியவை:

1. எந்த மருத்துவமனைக்குப் போவது? கீமோ கொடுத்த இடம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் அங்கே கிளம்ப வேண்டாம். 24 மணி நேரமும் டாக்டர் இருக்கும் அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு முதலில். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு.

2. வண்டி யாருடையது? 108-க்கு அழைக்கலாம். அது வர நேரமாகும் ஊர் என்றால், பக்கத்தில் வண்டி வைத்திருப்பவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

3. ஃபைல் எங்கே? கடைசி கீமோ சீட்டு, மருந்தின் பெயர், தேதி, கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்து ஆணியில்.

4. போனதும் முதல் வாக்கியம் என்ன? "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்கள். "கீமோ ஏத்தி பத்து நாள் ஆகுது, காய்ச்சல் நூத்தி ஒண்ணு" என்று சொல்லுங்கள். நாள் கணக்கும் எண்ணும் சேர்ந்தால்தான் எதிரே இருப்பவருக்கு அவசரம் புரியும்.

அணுக்கள் உயர ஊசி எழுதிக் கொடுத்தால் அதைக் குளிரில் வைத்திருக்க வேண்டும், ஆனால் உறையவிடக் கூடாது. டவுனில் வாங்கி, ஐஸ் வைத்த பையில் கொண்டுவந்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டிப் போட்டுக்கொள்ள முடியுமா என்று முன்பே கேட்டு வைத்தால் இன்னொரு பயணம் மிச்சம். போட்ட பிறகு இடுப்பு, முதுகு எலும்பில் குடைச்சல் வரலாம். மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி அது.

களி, கூழ், பத்தியம்

புற்றுநோய் என்றதும் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு பத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முட்டை கூடாது, கறி கூடாது, பால் கூடாது. எல்லாவற்றையும் கேட்டால் மிஞ்சுவது ரசஞ்சோறு. கீமோ உடைக்கிற திசுக்களை உடம்பு திரும்பக் கட்ட வேண்டுமானால் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, கொள்ளு, பால், தயிர், வேர்க்கடலை எல்லாம் தேவை. ராகிக் களியும் கீரைக் கடைசலும் நல்ல சாப்பாடு. வாய்ப்புண் இருக்கும் நாட்களில் களி விழுங்க இதமாகவும் இருக்கும், காரக் குழம்பை மட்டும் தவிர்த்தால் போதும். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கலாம்.

ஒரு விலக்கு உண்டு. இரண்டாவது வாரத்தில், அதாவது அணுக்கள் குறைந்த நாட்களில், பழைய சோறு, முந்தின நாள் புளிக்க வைத்த கம்பங்கூழ், கடையில் வெட்டி வைத்த பழம், சமைக்காத காய்கறி ஆகியவை வேண்டாம். சுடச்சுடச் சமைத்தது நல்லது. மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்காரரிடம் மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்வது நியாயமில்லை. நன்றாகக் கழுவி, வீட்டில் தோல் சீவி, உடனே சாப்பிடலாம்.

பப்பாளி இலைச் சாறு, பெயர் தெரியாத பொடி, கஷாயம் போன்றவை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் கீமோ நாட்களில் வேண்டாம். மருந்தை உடைப்பதும் வெளியேற்றுவதும் கல்லீரலும் சிறுநீரகமும்தான். அவற்றின் மேல் இன்னொரு சுமை எதற்கு?

கை: அடுப்படியும் மாட்டுக்கொட்டகையும்

அக்குள் கணுக்களை எடுத்த பிறகு, அந்தப் பக்கக் கையிலிருந்து நிணநீர் வடியும் பாதை குறைந்துவிடுகிறது. நீர் தேங்கிக் கை வீங்குவதை நிணநீர் வீக்கம் என்கிறார்கள். அறுவை முடிந்த சில மாதத்திலும் வரலாம், பல வருஷம் கழித்தும் வரலாம். கணுக்களை அதிகம் எடுத்தவர்களுக்கும், அக்குளில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

முதல் அறிகுறியை டேப் வைத்து அளந்துதான் பிடிக்க வேண்டும் என்றில்லை. வளையல் சொல்லிவிடும். நேற்று வரை தளர்வாக ஆடிய கண்ணாடி வளையல், மணிக்கட்டுக்கு மேல் தடம் பதிக்கத் தொடங்கினால், ஜாக்கெட்டின் ஒரு பக்கக் கை மட்டும் பிடித்தால், கை கனமாகத் தெரிந்தால் அந்த வாரமே காட்டுங்கள். ஆரம்பத்தில் அழுத்தக் கட்டும் பயிற்சியும் நன்றாகக் கேட்கும். நாள்பட்டால் உள்ளே கெட்டிப்பட்டுவிடும்.

அப்படியானால் கையை அசைக்கவே கூடாதா? இது நம் வீடுகளில் மிகப் பரவலான தப்பு. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கை வீக்கம் உள்ள பெண்களுக்கு மிக மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகும் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் அதனால் கூடவில்லை, திடீர்ச் சிக்கல்கள் குறைந்தன. கெடுதல் செய்வது வேலை அல்ல, பழகாத கைக்குத் திடீரென்று வரும் பளு. அதனால் ஒழுங்கு இப்படி:

1. அறுவைக்குப் பிறகு டாக்டர் சொன்ன நாளிலிருந்து விரல், முழங்கை, தோள் பயிற்சி. சுவரில் விரல்களை நண்டு போல் மேலே நடத்தி, எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு, அடுத்த நாள் அதற்கு மேல் ஒரு கோடு. கதிர்வீச்சுக்குப் படுக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். தோள் இறுகிப்போனால் அந்தச் சிகிச்சையே தள்ளிப்போகும்.

2. அறுவைக் காயத்திலிருந்து வரும் டியூபும் நீர்ப் பையும் சில நாள் கூடவே இருக்கும். தினம் எவ்வளவு மில்லி என்று எழுதி வைப்பது வீட்டாரின் வேலை. பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகு எடுப்பார்கள்.

3. களிக்குத் துடுப்புப் போட்டுக் கிண்டுவது, இடுப்பில் குடம், தலையில் தழைக்கட்டு எல்லாம் சில மாதம் வேறொருவர் கைக்கு மாற வேண்டும். பிறகு சிறிய அளவில் தொடங்கித் திரும்பலாம்: அரைக் குடம், இரண்டு பேருக்கான களி.

4. பால் கறப்பதில் பளுவும் உண்டு, கிருமியும் உண்டு. கீமோ காலத்தில் சாணமும் மாட்டுக்கொட்டகையும் வேண்டாம். விடியற்காலை சொசைட்டிக்குப் பால் போயாக வேண்டிய வீட்டில் இதற்கு மாற்று ஆள் இல்லையென்றால் மாட்டை விற்றுவிடுகிறார்கள். அந்த வருமானம்தான் பெண்ணின் கையில் இருந்த ஒரே காசு. விற்பதற்கு முன் கணவரோ மகனோ கறக்கப் பழகலாமே.

5. காயம். மாசி, பங்குனியில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை, தளி, ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டத்து முள், அரிவாள்மனை எல்லாம் சிறு கீறல்தான் தரும். ஆனால் வடிகால் குறைந்த கையில் அந்தக் கீறலே கை முழுக்கச் சிவந்து, காய்ச்சலாக முடியும். கையுறை போடுங்கள். கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வையுங்கள். கை சிவந்து சூடாகப் பரவினால் அன்றே டாக்டரிடம்.

6. மேல்கையின் உட்புறம் மரத்துப் போயிருக்கும். விறகடுப்புச் சூடு அங்கே தெரியாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஊசியையும் பிரஷரையும் முடிந்தவரை மறு கையில் பார்க்கச் சொல்லுங்கள்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அடக்கம். வீட்டுக்கு வரும் பணியாளரிடம் கைப் பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

முடி

முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், சிகிச்சை முடிந்த சில மாதத்தில் முளைக்கும். தலையணை முழுக்க முடியாகக் கிடப்பதைப் பார்க்க முடியாமல், கொட்டும் முன்பே வேண்டுதலாகக் கோயிலில் இறக்கிவிடும் பெண்கள் உண்டு. கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலும் ஆயிற்று. நல்ல யோசனைதான். ஆனால் முதல் கீமோவுக்கு முன்பே செய்துவிடுங்கள். அணுக்கள் குறைந்த வாரத்தில் தலையில் சவரக்கத்தி வேண்டாம்.

கரண்டுக்குப் போகும் மூன்று வாரம்

வாரத்துக்கு ஐந்து நாள், இப்போது பலருக்கு மொத்தம் 15 முறை, சிலருக்கு 25. ஒவ்வொரு முறையும் மேஜையில் படுத்திருப்பது சில நிமிடம். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர், நடுவே தொப்பூர் கணவாய். பத்து நிமிடச் சிகிச்சைக்குப் பாதி நாள் பஸ். அசதி மூன்றாவது வாரத்தில்தான் உச்சத்துக்கு வரும், அதனால் முதல் வாரம் போய்வர முடிகிறதே என்று நம்பி மீதிக்கும் திட்டமிடாதீர்கள். குறைந்தது கடைசி வாரமாவது அந்த ஊரில் தங்க இடம் பாருங்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் குறைந்த செலவில் தங்க இடம் சொல்வார்.

தோலில் வைத்த மைக்குறியை அழிக்கக் கூடாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் அவர்கள் சொல்லாமல் அந்த இடத்தில் தடவக் கூடாது. தளர்வான பருத்தி ஜாக்கெட் போதும். கதிர் உடம்பில் தங்குவதில்லை. வீடு திரும்பியதும் குழந்தையைத் தூக்கலாம், சேர்ந்து படுக்கலாம்.

காப்பீடும் ரயிலும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இதில் வரும். ரேஷன் அட்டை, வருமானச் சான்று, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம் என்பதால் நேரே அங்கே போய்விடுகிறார்கள். போவதற்கு முன் அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த எண்ணில் கேளுங்கள். பாதிச் சிகிச்சையில் பணம் தீர்ந்து ஊர் மாற்றினால், ஃபைலும் மாறி, நாளும் தள்ளும்.

காப்பீட்டில் வராதது பஸ் செலவு, சாப்பாடு, கூடப்போகிறவரின் கூலி. ரயிலில் மட்டும் நல்ல சலுகை இருக்கிறது: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருபவருக்கு 75 சதவீதம் குறைவு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் கிடையாது, ஓசூர், தருமபுரி அல்லது ஜோலார்பேட்டை போய்த்தான் ஏற வேண்டும். சென்னைக்கு என்றால் மொரப்பூர், சாமல்பட்டி பக்கத்தாருக்கு அது பெரிய உதவி.

ராத்திரியில் தூக்கமில்லாமல் மனசு கனத்துப் போனால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாத்திரைக் காலமும் போர்வெல் தண்ணீரும்

எல்லாம் முடிந்து முடி முளைத்த பிறகு தொடங்குகிறது மாத்திரைக் காலம். மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டாமோக்சிஃபென், 20 மில்லிகிராம். நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல். நன்றாக இருக்கிறோமே, இன்னும் எதற்கு மாத்திரை என்று இரண்டாம் வருஷத்தில் நிறுத்திவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. ஒளிந்திருக்கும் செல்லைப் பட்டினி போடுவதே இந்த மாத்திரையின் வேலை. தீர்ந்த பிறகு வாங்கப் போகாமல், ரேஷன் வாங்கும் தேதியோடு சேர்த்து மாத்திரைக்கும் ஒரு தேதி வையுங்கள். டாமோக்சிஃபென் எடுக்கும்போது கருத்தரிக்கக் கூடாது. மாதவிடாய் நின்றவருக்கு உதிரம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே காட்ட வேண்டும்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் இரண்டும் மூட்டு வலி தரும், எலும்பின் அடர்த்தியையும் குறைக்கும். இங்கேதான் நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கல் சேர்கிறது. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் செயல்பாட்டுக்கும் வந்தது. ஆனால் அதற்கு முன்பு முப்பது, நாற்பது வருஷம் போர்வெல் தண்ணீரே குடித்த உடம்புகள் இன்னும் இருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. எலும்பில் படிந்த ஃபுளோரைடு மூட்டு இறுக்கமும் முதுகு வலியும் தரும், எலும்பு ஸ்கேனில் படத்தையே மாற்றிக் காட்டும்.

எனவே இங்குள்ள ஒரு பெண்ணுக்கு எலும்பு வலி என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: மாத்திரை, பழைய தண்ணீர், அல்லது நோய் எலும்புக்குப் போயிருப்பது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சென்னையிலோ பெங்களூரிலோ ஸ்கேன் பார்க்கும் டாக்டருக்கு நோயாளி எந்த ஊர்த் தண்ணீரில் வளர்ந்தவர் என்பது தெரியாது. அடுத்த முறை போகும்போது ஃபைலின் முதல் தாளில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: குடித்தது எந்தத் தண்ணீர், எத்தனை வருஷம்.